மேலே பார்க்கும் மீன்

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், வடமேற்கு மூலையில் ரீல்ஃபுட் என்றொரு ஏரி இருக்கிறது. 1811 டிசம்பரில் தொடங்கி 1812 பிப்ரவரி வரை நியூ மாட்ரிட் நிலநடுக்கங்கள் அந்தப் பக்கத்தையே புரட்டிப்போட்டபோது பிறந்த ஏரி. மிசிசிப்பி ஆறு கொஞ்ச நேரம் பின்னோக்கி ஓடியதாக அன்று அதில் படகோட்டிக்கொண்டிருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். நிலம் தாழ்ந்தது, தண்ணீர் ஏறியது, சைப்ரஸ் காடு நின்ற நிலையிலேயே மூழ்கியது. சைப்ரஸ் எளிதில் மக்குகிற மரமில்லை. அந்தக் காட்டின் அடிக்கட்டைகள் இன்றும் தண்ணீருக்குள் நிற்கின்றன. சில தலை காட்டும், பல காட்டாது. என் பிள்ளைப் பருவத்தின் நல்ல பகுதி அந்தக் கட்டைகளுக்கு நடுவே கழிந்தது.

அப்பா அங்கிருந்து அரை மணி நேரத் தொலைவில் ஒரு டயர் தொழிற்சாலையில் வேதியியலாளராக இருந்தார். 1980களின் தொடக்கம். அந்தச் சிற்றூரில் எங்களைத் தவிர வேறு தமிழ் வீடு இருந்ததாக எனக்கு நினைவில்லை. அம்மா தாமிரபரணிக் கரைக்காரி. தண்ணீர் இல்லாத ஊரில் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள் என்று குறைபட்டுக்கொண்டிருந்தவளை, ஒரு கோடையில் அப்பா ரீல்ஃபுட்டுக்கு அழைத்துப்போனார். ஏரியின் ஒரு பக்கம் முழுக்கத் தாமரை. தண்ணீருக்கு மேலே உயர்ந்து நின்ற இலைகள், அவற்றின் நடுவே வெளிர்மஞ்சள் பூக்கள். "இது நம்ம தாமரையேதான், நெறந்தான் மாறிக் கெடக்கு" என்றாள் அம்மா. அவள் சொன்னது சரி. உலகத்தில் தாமரை இனங்கள் இரண்டுதான் இருக்கின்றன. ஒன்று நம்முடையது, மற்றது அந்த அமெரிக்க மஞ்சள் தாமரை. அன்றிலிருந்து அம்மாவுக்கு அந்த ஊர் கொஞ்சம் சொந்தமாயிற்று.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு பெரியவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். அவர் ஏரிக்கரையில் பிறந்தவர். வாத்து வேட்டைக்கும் மீன்பிடிக்கும் வருகிறவர்களைப் படகில் கூட்டிப்போகும் வழிகாட்டியாக இளவயதில் இருந்தவர். நானும் அக்காவும் அவரை நேரில் 'சார்' என்போம். அமெரிக்கத் தென்பகுதியில் சின்னப் பிள்ளைகள் பெரியவர்களுக்கு 'எஸ், சார்' என்றுதான் பதில் சொல்ல வேண்டும். அந்த ஒரு வழக்கத்துக்காகவே அப்பாவுக்கு அந்த ஊரைப் பிடித்துப்போயிற்று. வீட்டுக்குள் அவர் எங்களுக்குப் பக்கத்து வீட்டுத் தாத்தா, அவர் மனைவி ஆச்சி.

தாத்தாவின் படகு எனக்கு இன்றும் அதிசயம். இரண்டு முனையும் கூராக, அடி தட்டையாக இருக்கும். ரீல்ஃபுட்டில் அதற்கு 'ஸ்டம்ப் ஜம்ப்பர்' என்று பெயர். கட்டைகளின் மேல் ஏறி வழுக்கி இறங்கிப் போவதற்கென்றே அந்த ஏரிக்காரர்கள் செய்துகொண்ட படகு. அதன் துடுப்புகள் நடுவில் ஒரு மூட்டு வைத்துப் பொருத்தப்பட்டிருக்கும். மற்ற ஊர்களில் துடுப்புப் போடுகிறவர் போகிற திசைக்கு முதுகு காட்டி உட்கார வேண்டும். இதில் முகம் முன்னால் பார்த்திருக்கும், துடுப்பை இழுத்தால் படகும் முன்னால் போகும். எங்கே கட்டை இருக்கிறதென்று கண் பார்க்காமல் அந்த ஏரியில் போகவே முடியாது. மொத்த ஏரியிலும் சராசரி ஆழம் இரண்டு ஆள் உயரம்கூட வராது. கட்டைகள்தான் அதன் பள்ளமும் மேடும்.

நாங்கள் தேடிப் போனது கிராப்பி என்ற மீன். உள்ளங்கை அகலத்துக்குத் தட்டையான உடம்பு, வெள்ளி நிறம், பெரிய கண். அதில் இரண்டு வகை. ஒன்றின் விலாவில் கறுப்புப் புள்ளிகள் வரிசையில்லாமல் சிதறிக் கிடக்கும், மற்றதில் அவை மேலிருந்து கீழாகப் பட்டைகளாக நிற்கும். சந்தேகம் வந்தால் முதுகுத் துடுப்பின் முட்களை எண்ணச் சொல்வார் தாத்தா. ஏழோ எட்டோ இருந்தால் கருங்கிராப்பி, ஐந்தோ ஆறோ இருந்தால் வெண்கிராப்பி. இரண்டுமே கட்டையின் நிழலை விட்டு வெளியே அதிகம் வராதவை. வருகிற குஞ்சு மீன்களை அங்கே நின்றபடியே எதிர்பார்த்திருக்கும்.

அவற்றைப் பிடிக்கத் தாத்தா உயிருள்ள இரை வைக்கமாட்டார். ஜிக் மட்டும்தான். ஜிக் என்பது தலையில் ஈயக் குண்டு வார்த்த தூண்டில் முள். அந்த முள்ளின் தண்டில் நூலும் இறகும் கட்டி ஒரு சின்ன மீன்குஞ்சின் உடம்பை உண்டாக்கியிருப்பார்கள். எடை என்று பார்த்தால் ஒன்றுமேயில்லை. ஓர் அவுன்சில் பதினாறில் ஒரு பங்கு, அதாவது 2 கிராமுக்கும் குறைவு. காற்றில்லாத நாளில் அதிலும் பாதி எடையுள்ளதை எடுப்பார். ஈயம் குறையக் குறைய ஜிக் மெதுவாக இறங்கும். கிராப்பி துரத்திப் போய்த் தின்கிற மீனில்லை, மெதுவாக வருவதைத்தான் நம்பும்.

ஜிக் கட்டுவது ஆச்சியின் வேலை. சமையலறை மேசையின் விளிம்பில் ஒரு சின்ன இடுக்கிப்பிடி பொருத்தியிருப்பார். அதில் முள்ளைக் கவ்வவைத்து, செனில் என்கிற மொசுமொசுவென்ற நூலைத் தண்டில் சுற்றி, வாலுக்கு மாராபூ இறகை ஒரு சிட்டிகை எடுத்துக் கட்டுவார். வான்கோழியின் அடி இறகுக்கு அங்கே மாராபூ என்று பெயர். காய்ந்திருக்கும்போது அது வெறும் பஞ்சு. தண்ணீருக்குள் போனதும் மெலிந்து, நாம் அசைக்காவிட்டாலும் தானாக விரியும், சுருங்கும். அக்கா பள்ளி விட்டு வந்ததும் அங்கேதான் போய் உட்காருவாள். நூலை இழுத்துப் பிடிக்கும் பதத்தை ஆச்சி அவள் விரலின் மேல் தன் விரலை வைத்துக் காட்டிக்கொடுத்தார். கொஞ்ச நாளில் அக்கா கட்டியதற்கும் ஆச்சி கட்டியதற்கும் வேறுபாடு தெரியாமல் போயிற்று. கலங்கிய தண்ணீருக்குக் கறுப்பு உடம்பும் பச்சை கலந்த மஞ்சள் வாலும், தெளிந்த தண்ணீருக்கு வெள்ளையோ சாம்பலோ என்று வண்ணக் கணக்கெல்லாம் அவளுக்குத்தான் அத்துப்படி.

முள் எப்போதும் மெல்லிய கம்பியால் ஆனதாகவே இருக்கும். அதற்குக் காரணம் உண்டு. அந்த ஏரியில் கட்டையில் மாட்டாத தூண்டில் கிடையாது. மாட்டினால் தாத்தா பதறமாட்டார். தூண்டில் நரம்பை நிதானமாக இழுப்பார், கம்பி நிமிர்ந்து கட்டையை விட்டு வந்துவிடும். இடுக்கியால் மறுபடி வளைத்து, நகத்தின் மேல் வைத்துக் கூர் பார்த்து, அடுத்த கட்டைக்குப் போவார். வலுவான முள்ளாக இருந்தால் நரம்பு அறும், ஜிக் போய்விடும்.

அவர் எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தது முடிச்சு. நரம்பை இரட்டையாக ஜிக்கின் வளையத்துக்குள் விட்டு, ஒரு முடிச்சிட்டு, அந்தக் கண்ணிக்குள் ஜிக்கை நுழைத்து இறுக்கும் பாலோமர் முடிச்சு. அது எல்லோரும் போடுவதுதான். அதற்கு மேல் அவர் செய்கிற ஒரு சின்னக் காரியத்தில்தான் விஷயம் இருந்தது. இறுக்கியபின் முடிச்சை நகத்தால் தள்ளி, வளையத்தின் மேல் உச்சிக்குக் கொண்டுவருவார். அப்போதுதான் ஜிக் தலை கவிழாமல், வால் தொங்காமல், படுக்கைவாட்டில் நிற்கும். உயிரோடிருக்கிற மீன்குஞ்சு எதுவும் செங்குத்தாக நின்று நீந்துவதில்லை என்பார். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும், ஒவ்வொரு கட்டையில் மாட்டி எடுத்த பிறகும், முடிச்சு நகர்ந்திருக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்வார். நானும் பார்ப்பேன். அது விரலுக்குப் பழகி, யோசிக்காமலே நடக்கிற காரியமாயிற்று.

அடுத்தது ஆழம். வீசி எறிகிற வேலையே இல்லை. பத்துப் பன்னிரண்டு அடி நீளக் கழி, அதன் நுனியிலிருந்து நேரே கீழே இறங்குகிற நரம்பு, அவ்வளவுதான். படகைக் கட்டைக்கு மிக அருகே கொண்டுபோகாமல் தள்ளியே நிறுத்திவிட்டு, கழியின் நீளத்தால் எட்டி, நிழல் விழும் பக்கத்தில் ஜிக்கை ஓசையின்றி இறக்குவார். தரையைத் தொட்டதும் நரம்பு தளரும். அங்கிருந்து ஒரு சாண் தூக்கி நிறுத்துவார். கொத்தவில்லையென்றால் இன்னொரு சாண். அப்படிப் படிப்படியாக மேலே வந்து, ஏதோ ஓர் உயரத்தில் மீன் கொத்தினால், அன்று முழுக்க எல்லாக் கட்டையிலும் அந்த உயரம்தான்.

ஏன் கீழிருந்து மேலே வருகிறீர்கள், மேலிருந்து கீழே போனால் என்ன என்று கேட்டேன். அப்போது தாத்தா பிடித்துவைத்திருந்த ஒரு கிராப்பியை எடுத்து, அதன் முகத்தை எனக்குக் காட்டினார். கண் தலையின் மேல்பக்கமாக அமைந்திருந்தது. வாயும் மேல்நோக்கித் திறந்தது. "இது மேலே பார்க்கிற மீன், தம்பி. தலைக்கு மேலே இருப்பதைத் தின்ன ஏறி வரும். வயிற்றுக்குக் கீழே போனதைத் தேடி இறங்காது. மேலிருந்து இறக்கிக்கொண்டே வந்தால் அதைத் தாண்டிப் போனது உனக்குத் தெரியாது. கீழேயிருந்து வந்தால் எப்படியும் அதன் தலைக்கு மேலே போய்ச் சேருவாய்." அவர் சொல்லிக்கொடுத்த எல்லாவற்றுக்கும் வேர் இந்த ஒன்றுதான். ஆழம் தெரியாவிட்டால் மேலே இரு என்பது அவருடைய சட்டம்.

உயரம் கிடைத்தபின் கையைச் சும்மா வைத்திருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு அதுதான் கடினம். ஜிக்கை ஆட்டினால்தான் மீன் வருமென்று மனசு சொல்லிக்கொண்டே இருக்கும். தாத்தா ஆட்டமாட்டார். படகின் லேசான அசைவும், கழி பிடித்த கையில் ஓடும் நாடித் துடிப்பும் அந்த இறகுக்குப் போதும் என்பார். டென்னசியின் தெற்கே லாரன்ஸ்பர்க் ஊர்க்காரரான சார்லி புரூவர் 1970களில் 'ஒன்றும் செய்யாமல்' மீன்பிடிக்கும் முறையொன்றை ஊரெங்கும் பரப்பியிருந்தார். சின்ன ஜிக்கை எறிந்து, கழியை ஆட்டாமல், சீராக, மெதுவாகச் சுற்றி இழுப்பது அவர் முறை. தாத்தாவுக்கு அவர் மேல் பெருமதிப்பு. அவர் இழுத்துக்கொண்டு செய்ததை நாம் நிறுத்திவைத்துச் செய்கிறோம் என்பார்.

கொத்துவதைத் தெரிந்துகொள்வது இன்னொரு பாடம். சில நேரம் மூடிய கதவை வெளியே நின்று யாரோ ஒரு விரலால் தட்டியதுபோல, கழியின் அடியில் ஒரு 'டொக்'. அது எல்லோருக்கும் புரியும். புரியாத கொத்து ஒன்று உண்டு. நேராக இறங்கிக்கொண்டிருந்த நரம்பு திடீரென்று தளர்ந்து வளையும். ஜிக் எடையற்றுப் போகும். மீன் கீழிருந்து ஏறிவந்து அதை வாயில் வாங்கிக்கொண்டு, ஏறிய வேகத்தில் இன்னும் மேலே போயிருக்கிறது என்று பொருள். எடை கூடினால் மட்டுமல்ல, குறைந்தாலும் மீன்தான் என்று தாத்தா சொல்லிக்கொடுத்தது, மீன்பிடிப்புக்கு வெளியேயும் பல இடங்களில் என்னை விழிப்பாக வைத்திருக்கிறது.

கொத்தியதும் வெடுக்கென்று இழுக்கக் கூடாது. கிராப்பியின் வாயோரம் அவ்வளவு மெல்லிய தோல். 'காகித வாய்' என்றே அதற்கு அங்கே ஒரு பட்டப்பெயர் உண்டு. இழுத்தால் கிழியும், மீன் போய்விடும், வாயில் புண்ணோடு போகும். மணிக்கட்டை மட்டும் உயர்த்தி, அந்த ஏற்றத்தை நிறுத்தாமல் அப்படியே மேலே கொண்டுவர வேண்டும். கட்டைக்குள் சுற்றிக்கொள்ள அதற்கு இடம் கொடுக்காமல் செங்குத்தாகத் தூக்கி, படகருகே வந்ததும் வலையில் ஏந்த வேண்டும். நீளக் கழியின் அருமை அங்கே தெரியும். மீனின் திமிறலையெல்லாம் அதன் வளைவு வாங்கிக்கொள்ளும்.

பருவத்துக்குப் பருவம் இடம் மாறும். எங்கள் தெருவில் டாக்வுட் மரங்கள் வெள்ளையாகப் பூத்தால் கிராப்பி கரைக்கு வந்துவிட்டதென்று அந்த ஊரில் சொல்வார்கள். தண்ணீர் 16 பாகை செல்சியசைத் தாண்டும் காலம் அது, முட்டையிடும் காலம். ஆண்மீன்களின் உடம்பு கறுத்துப்போகும். முழங்கால் ஆழத்தில், செடிகளின் காலடியில் குழி பறித்து, பெண்மீன் முட்டையிட்டுப் போனபின் அங்கேயே காவலிருக்கும். ஜிக்கை அந்தச் செடிக்குள் இறக்கினால் பசியில்லாவிட்டாலும் எதிரியென்று நினைத்து அடிக்கும். அப்போது மீன்பிடிப்பது மிக எளிது. எளிது என்பதாலேயே தாத்தா அந்த நாட்களில் வேண்டிய அளவுக்கு மேல் ஒன்றையும் எடுக்கமாட்டார். வயிறு பருத்த பெண்மீன் வந்தால் கையை நனைத்துக்கொண்டு முள்ளை எடுத்து, தண்ணீருக்குள் சாய்த்துப் பிடித்து, தானாக நீந்திப் போகும்வரை விடமாட்டார்.

கோடையில் தாமரைக்காட்டின் இடைவெளிகள். இலைகளுக்கு நடுவே ஒரு தட்டளவு தண்ணீர் தெரிந்தால் போதும், கழியை நீட்டி அதற்குள் இறக்குவார். வீசி எறிகிறவனால் அங்கே ஒன்றும் செய்ய முடியாது. விடிவதற்கு முன்பே போய், வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவோம். "ஏல, தாமரை வெத கெடச்சா பறிச்சிட்டு வா" என்று அம்மா சொல்லி அனுப்புவாள். முற்றாத விதைகளைத் தோலுரித்து, நடுவிலுள்ள கசப்புக் குருத்தை எடுத்துவிட்டுத் தின்போம். தாத்தாவும் தின்பார். அந்த மண்ணின் பழங்குடிகளும் அதைத் தின்றவர்கள்தான் என்று சொல்வார்.

குளிர்காலத்தில் வெண்தலைக் கழுகுகள் வடக்கிலிருந்து ஏரிக்கு வந்து சைப்ரஸ் உச்சிகளில் உட்கார்ந்திருக்கும். மீன்கள் இருப்பதிலேயே ஆழமான பள்ளங்களுக்குப் போய்க் கூட்டமாக அடைந்துவிடும். குளிரில் அவற்றின் உடல் இயக்கமே தணிந்துபோவதால், மூக்குக்கு முன்னால் நீண்ட நேரம் நின்றால்தான் வாய் திறக்கும். மிகச் சிறிய ஜிக், துளி அசைவுமில்லாத கழி. கையுறைக்குள் விரல் விறைத்துப்போகும். ஆனாலும் அந்தக் காலத்து மெல்லிய கொத்துகளில்தான் என் கை உண்மையில் பழகியது.

கென்டக்கி ஏரி எங்களுக்கு இன்னொரு பள்ளிக்கூடம். டென்னசி ஆற்றின் குறுக்கே 1944இல் முடிந்த அணையால் உண்டான பேரேரி அது. அங்கே தாத்தாவின் மருமகன் படகுத்துறை மேடைகளின் அடியில் ஜிக் செலுத்தும் வித்தையைக் காட்டினார். தண்ணீருக்கும் மேடைப் பலகைக்கும் இடையே ஒரு முழ இடைவெளிதான் இருக்கும். அதற்குள் கழியை நீட்டவும் முடியாது, தலைக்கு மேலே வீசவும் முடியாது. அவர் குட்டைக் கழி ஒன்றை எடுத்து, ஜிக்கை முள் கூர் வெளியே இருக்கும்படி இரண்டு விரலால் பிடித்து, பின்னுக்கு இழுத்துக் கழியை வில்லாக வளைத்து விடுவார். ஜிக் தண்ணீர்ப் பரப்பை உரசிக்கொண்டு பறந்து, இருட்டான மூலைக்குள் போய் விழும். பிறகு ஒன்றும் செய்யாமல் நரம்பைப் பார்த்தபடி இருப்பார். அது மெதுவாக இறங்கும்போதே கொத்து வரும். இரண்டு ஏரிக்கும் முறை வேறு, கணக்கு ஒன்றே. நிழலில் நிற்கிற மீனின் தலைக்கு மேலே ஜிக் வர வேண்டும், அங்கே அவசரமில்லாமல் இருக்க வேண்டும்.

பிடித்த மீன்களைத் தாத்தா தன் பின்கட்டில் வைத்து எலும்பு நீக்கித் துண்டாக்குவார். முதுகெலும்பை ஒட்டிக் கத்தி ஓடும்போது அவர் பேசமாட்டார். ஆச்சி மக்காச்சோள மாவில் உப்பும் மிளகும் கலந்து புரட்டி, கொதிக்கும் எண்ணெயில் பொரித்து, அதே மாவில் வெங்காயம் சேர்த்து உருண்டை பிடித்துப் போட்டெடுப்பார். அம்மா தன் பங்குக்கு மஞ்சளும் மிளகாய்த்தூளும் புளிக்கரைசலும் தடவி ஊறவைத்துக் கல்லில் போட்டு எடுப்பாள். முதல் தடவை தாத்தா அம்மாவின் மீனைத் தின்றபோது கண் கலங்கித் தண்ணீர் குடித்தார், ஆனால் அடுத்த துண்டுக்குக் கை நீட்டினார். பிறகு இரண்டு வீட்டு மீனும் ஒரே மேசையில்தான். வெள்ளை வெளேரென்ற, கவுச்சியே இல்லாத அந்தச் சதை எந்த மசாலாவுக்கும் இடம் கொடுத்தது.

தாத்தாவும் ஆச்சியும் இப்போது இல்லை. அக்கா இன்னும் ஜிக் கட்டுகிறாள். மீன்பிடி உலகம் மாறிவிட்டது. 2018இல் நேரலை சோனார் கருவிகள் கடைக்கு வந்தன. படகின் முன்னால் தண்ணீருக்குள் இருக்கும் ஒவ்வொரு மீனையும், அதை நோக்கி இறங்கும் ஜிக்கையும் அந்தத் திரை காட்டுகிறது. அது நியாயமா என்று அங்கே பெரிய விவாதம் நடக்கிறது. ஏரியில் பெரிய மீன்கள் காலியாகிவிடும் என்று அஞ்சுகிறவர்கள் பக்கம்தான் நானும் இருக்கிறேன். எத்தனை எடுக்கலாம் என்பதற்கு அளவு வேண்டும், அந்த அளவைத் தாத்தாவைப்போல் அவரவரே வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

ஆனால் நண்பர் ஒருவரின் படகில் அந்தத் திரையைப் பார்த்தபோது எனக்கு வேறொன்றும் தெரிந்தது. கட்டையோரம் நான்கைந்து மீன்கள் நின்றன. நண்பரின் ஜிக் அவற்றைத் தாண்டிக் கீழே போனது. ஒன்றுகூடத் திரும்பவில்லை. அவர் அதை மேலே எடுத்து, அவற்றின் தலைக்கு ஒரு முழம் மேலே நிறுத்தினார். கூட்டத்திலிருந்து ஒன்று பிரிந்து, மெதுவாக ஏறி, ஜிக்கின் கீழே ஒரு கணம் நின்று, அதை வாயில் வாங்கியது. அத்தனை விலையுள்ள கருவி எங்களுக்குக் காட்டியதை, மூங்கில் கழி காலத்திலிருந்து அந்த ஏரியில் இருந்த ஒரு மனிதர், தண்ணீருக்குள் ஒருமுறையும் பார்க்காமல், தன் மணிக்கட்டைக் கொண்டே கண்டறிந்திருந்தார். கண்டறிந்ததைத் தன் சாதியோ நாடோ மொழியோ அல்லாத ஒரு பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு முழுதாகக் கொடுத்துவிட்டும் போனார்.